மல்லிகை தழைக்கிறது, பூக்கவில்லை: வீட்டு உரங்களில் எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது?

கேள்வி: மாடியில் மூன்று தொட்டிகளில் குண்டுமல்லி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். பத்து நாளுக்கு ஒருமுறை மீன் அமிலமும் (மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்த கரைசல்) கொடுக்கிறேன். செடி பச்சைப் பசேலென்று கைப்பிடிச் சுவரைத் தாண்டி வளர்ந்துவிட்டது. ஆனால் சீசனிலும் நாளுக்கு நாலைந்து பூதான். ரசாயன உரம் வேண்டாம். வீட்டில் தயாரிக்கக்கூடிய எந்த உரம் கொடுத்தால் பூக்கும்? பக்கத்தில் இருக்கும் ரோஜாவுக்கும் அதையே கொடுக்கலாமா?

பதில்: முதலில் புண்ணாக்கையும் மீன் அமிலத்தையும் நிறுத்துங்கள். உங்கள் செடிக்குச் சத்துப் பற்றாக்குறை இல்லை, தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சிவிட்டது. கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து 7 சதவீதம் வரை இருக்கும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) ஒன்றரை சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மீன் அமிலமும் இலையையும் தண்டையும் வளர்ப்பதுதான். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் செடி நீண்டுகொண்டே போகும், மொட்டு வைக்காது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குண்டுமல்லிக்கு, தொழு உரத்தோடு சேர்த்து, செடிக்கு ஆண்டுக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து பரிந்துரைக்கிறது. இது வயலில் நிற்கும் செடிக்கான அளவு, தொட்டிக்கு இவ்வளவு கூடாது. ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள்: தழைச்சத்தைப் போல இரண்டு பங்கு மற்ற இரண்டும். நீங்கள் கொடுத்துவந்தது இதற்கு நேர் எதிர்.

அடுத்த ஒரு மாதம் எந்த உரமும் வேண்டாம். 12 அங்குலத் தொட்டி என்றால் 5 லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக வடிய விடுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. தங்கியிருக்கும் உப்பும் உபரிச் சத்தும் பெருமளவு கழுவப்பட்டுவிடும். தண்ணீர் வடியாமல் மேலேயே நின்றால் வேர் தொட்டியை அடைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது 15 அங்குலத் தொட்டிக்கு மாற்றியாக வேண்டும்.

உரத்தைவிட முக்கியமான இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று வெயில். மல்லிகைக்கு நாளுக்கு 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். நிழல்வலைக்கு அடியில் வைத்திருந்தால் எந்தக் கரைசலாலும் பயனில்லை. இரண்டாவது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. மல்லிகை புதிதாக வரும் கிளை நுனியில்தான் மொட்டு வைக்கும், பழைய கிளையை நீள விட்டால் பூ குறையும். முழுக் கவாத்துக்கு நவம்பர் கடைசி வாரம் சரியான காலம்: சில நாள் தண்ணீரைக் குறைத்துவிட்டு, மண்ணிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் வெட்டி, மிச்ச இலைகளை உருவிவிட வேண்டும். தொட்டியில் இன்னும் சற்றுத் தாழ்வாக வெட்டினாலும் தாங்கும். நடு சீசனில் அவ்வளவு வெட்டக்கூடாது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் இரண்டு மூன்று கணு மட்டும் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் வந்து, ஐந்தாறு வாரத்தில் மொட்டு தெரியும்.

அந்தப் பக்கக் கிளை அரை விரல் நீளம் வந்ததும் உரத்தைத் தொடங்குங்கள்.

சாம்பல்சத்துக்கு வாழைப்பழத் தோல் நல்லது, ஆனால் பலரும் செய்கிறபடி பச்சையாகப் புதைத்தால் எறும்பும் ஈயும் மொய்க்கும், அழுகும்போது வேருக்குக் காற்று கிடைக்காது. தோலை நறுக்கி மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில், ஒடித்தால் முறியும் பதத்துக்குக் காயவைத்து மிக்ஸியில் பொடியுங்கள். 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டிப் பொடி, 20 நாளுக்கு ஒருமுறை. தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, மேல் மண்ணைக் கிளறிப் போட்டு மூடித் தண்ணீர் விடுங்கள். தோலை ஊறவைத்த நீரும் வீண் அல்ல, சாம்பல்சத்து நீரில் கரையக்கூடியதுதான். ஆனால் ஒரு லிட்டரில் ஒரே ஒரு தோலை ஊறவைத்தால் இறங்குவது சொற்பம்.

விறகடுப்புச் சாம்பலிலும் இந்தச் சத்து உண்டு. ஆனால் சாம்பல் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். உங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருந்தால் சாம்பலே வேண்டாம். மண் காரமானால் இரும்புச்சத்து இருந்தும் வேர் எடுக்க முடியாது, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நல்ல தண்ணீர் என்றால் சலித்த சாம்பல் மாதம் ஒரு தேக்கரண்டி போதும். அதை ஈரச் சாணத்தோடோ கோமியத்தோடோ கலக்காதீர்கள், அவற்றிலுள்ள தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிவிடும். நிலக்கரி, பிளாஸ்டிக் எரித்த சாம்பல் எதுவும் ஆகாது.

மொட்டு வைக்கும் பருவத்துக்கு எங்கள் பரிந்துரை தேமோர் கரைசல். நன்கு புளித்த மோர் அரை லிட்டர், அரை மூடித் தேங்காயைத் துருவி அரைத்துப் பிழிந்த கெட்டிப்பால் 100 மி.லி., இரண்டையும் மண்பானையிலோ பிளாஸ்டிக் பாத்திரத்திலோ கலந்து துணியால் வாய் கட்டி நிழலில் 7 நாள் வையுங்கள். தினமும் ஒருமுறை கலக்க வேண்டும். செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரம் கூடாது, புளிப்பு உலோகத்தை அரிக்கும். மோரில் உப்பு போட்டிருக்கவே கூடாது. ஏழாம் நாள் புளித்த வாசனை வர வேண்டும். அழுகல் நாற்றமோ கறுப்புப் பூஞ்சையோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இருபுறமும் படும்படி தெளியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொட்டு கடுகளவு தெரியும்வரை போதும். விரிந்த பூவில் பட்டால் இதழ் பழுத்துவிடும். தேங்காயின் நீரிலும் பாலிலும் செல் பிரிவைத் தூண்டும் இயற்கை வளர்ச்சி ஊக்கிகள் உண்டு. 1948-லேயே ஆய்வுக்கூடத்தில் கேரட் திசுவை இளநீர் கலந்த ஊடகத்தில் வளர்த்து இதைக் காட்டியிருக்கிறார்கள். தேமோர் உரத்துக்கு மாற்று அல்ல, வெயிலும் புதுக் கிளையும் உள்ள செடிக்கு ஒரு தூண்டுதல் மட்டுமே.

மணிச்சத்துக்கு எலும்புத்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மண்புழு உரம் இரண்டு கைப்பிடி, கவாத்து முடிந்ததும் ஒரே முறை மண்ணில் கலந்துவிடுங்கள். மெதுவாகத்தான் கரையும். முட்டை ஓடு சுண்ணாம்புச்சத்து, பூவுக்கு நேரடிப் பலன் இல்லை. அரிசி கழுவிய நீரை ஊற்றலாம், தீங்கில்லை. காபித்தூள், டீத்தூள் சக்கையில் தழைச்சத்துதான் கூடுதல், இப்போது உங்களுக்கு வேண்டாம்.

புண்ணாக்கை ஒரேயடியாக விலக்கச் சொல்லவில்லை. நவம்பர் கவாத்துக்குப் பின் துளிர் வரும்போது 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, தொட்டிக்கு அரை லிட்டர் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை, அதோடு நிறுத்திவிடுங்கள்.

ரோஜாவுக்கும் இதே உரங்கள் பொருந்தும். அதை அக்டோபரில், வெளிப்பக்கம் பார்க்கும் துளிர் மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள், சுமார் 45 நாளில் பூக்கும். பூத்து உதிர்ந்த காம்பை அவ்வப்போது நறுக்கினால்தான் அடுத்த மொட்டு வரும்.

மல்லிகையில் மொட்டு வந்த பிறகு ஊதா நிறமாகி உதிர்ந்தால் அது சத்துக்குறை அல்ல, மொட்டு ஈயின் வேலை. மொட்டில் துளையும் உள்ளே புழுவும் இருந்தால் மொட்டுப்புழு. இரண்டுக்கும் பாதிக்கப்பட்ட மொட்டுகளைப் பறித்து அழியுங்கள், தொட்டியில் உதிர்ந்தவற்றையும் விடாதீர்கள். பிறகு வேப்பெண்ணெய் 5 மி.லி.யைச் சில துளி சோப்புக் கரைசலில் நன்றாகக் குழைத்து ஒரு லிட்டர் நீரில் கலந்து, மாலையில் வாரம் ஒருமுறை மூன்று வாரம் தெளியுங்கள். தேமோர் தெளித்த நாளுக்கும் இதற்கும் நாலைந்து நாள் இடைவெளி இருக்கட்டும்.