இளவரசி வேலை காலி இல்லை

கேள்வி: ராஜராஜ சோழன் காலத்தில் பிறக்காமல் போனோமே என்று ஏங்குகிறேன். இன்றைய பெண்ணுக்கு அந்த வாழ்க்கை பிடிக்கும்தானே?

பதில்: எந்த வீட்டில் பிறப்பதாக உத்தேசம்? ஏங்குகிறவர்கள் எல்லாரும் நேரே பழையாறை அரண்மனையில் போய் இறங்குகிறார்கள். அங்கே அவ்வளவு இடம் கிடையாது. இடம் கிடைத்தாலும் யோசியுங்கள். ராஜராஜனின் தந்தை சுந்தர சோழர் இறந்ததும், தாய் வானவன் மாதேவி பால்குடிக் குழந்தையைப் பிரிந்து தீயில் இறங்கியதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு புகழ்ந்து பாடுகிறது.

சாதாரண வீடென்றால் பொழுது உலக்கையோடு விடியும். வீட்டுக்கு வருவது நெல். கோயில் கணக்குப்படி ஐந்து நாழி (அந்தக்கால முகத்தலளவை) நெல் குத்தினால் இரண்டு நாழி அரிசி. குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், தவிடு போக மறுபடி தீட்ட வேண்டும். நெல் அதிகம் காய்ந்திருந்தால் அரிசி நொறுங்கி நொய்யாகும். காய்ச்சல் போதாவிட்டால் உமி விடாமல் அரிசி நசுங்கும். இத்தனை பாடுபட்டு ஆக்கிய சோற்றுக்கு மிளகாய் போட்ட குழம்பு கிடையாது. மிளகாயும் தக்காளியும் 1498-க்குப் பின் போர்த்துகீசியர் வழியாக வந்தவை. மிளகும் புளியும் உண்டு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஊர்ச் சபையில் உட்கார ஆசையா? குடவோலைக்குப் பேர்போன உத்தரமேரூரின் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கேட்பவை: வயது 35 முதல் 70, கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. கடைசித் தகுதியிலேயே பெண் வெளியே. நிலம் பெண் பேரில் இருந்ததுண்டு, கோயிலுக்கு எழுதி வைத்ததும் உண்டு. ஆனால் பிராமணப் பெண்கள் நிலம் விற்ற பத்திரங்களில் ‘முதுகண்’ (காப்பாளர்) என்று ஓர் ஆண் கூடவே நிற்கிறார்.

உடம்புக்கு வந்தால்? ராஜராஜனுக்கு அரை நூற்றாண்டு கழித்து, சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்தில் திருமுக்கூடல் கோயிலில் 15 படுக்கையுள்ள ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, இருந்தது. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள். ஆனால் அது அந்தக் கோயிலின் வேதபாடசாலை மாணவருக்கும் கோயில் ஊழியருக்கும். ஊர்ப் பெண்ணின் பிரசவம் வீட்டில்தான்.

போயே தீருவேன் என்றால் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போங்கள். அங்கே 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயிலில் ஆடும் பெண்களுக்கு, ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும். கலத்துக்கு 96 நாழி. நாளுக்கு 26 நாழி நெல், குத்தினால் 10 நாழி அரிசி. ஒரு குடும்பமே சாப்பிடலாம். இறந்தால் தகுதியுள்ள உறவினருக்கே அந்தப் பங்கு. ஆனால் விண்ணப்பம் போட முடியாது: மற்ற ஊர்க் கோயில்களிலிருந்து அவர்களை அரசன் கொண்டுவந்து குடியேற்றினான். போகச் சம்மதமா என்று கேட்டதாகக் கல்வெட்டில் ஒரு வரி இல்லை.