தாய்லாந்துக்கு வேலைக்குப் போகும் வெளிநாட்டவர்கள் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்களா, பர்கர், பீட்சா என்றே ஓட்டுகிறார்களா? எது கட்டுப்படியாகும்?

கேள்வியைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பேன். 'வெளிநாட்டவர்கள்' என்ற சொல்தான் நிறுத்திவிட்டது. ஆறு வருடமாகத் தாய்லாந்தில், சோன்புரி மாகாணத்தில், சிராச்சாவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். சாஸ் பாட்டிலில் பெயர் பார்த்திருப்பீர்களே, அதே சிராச்சாதான். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. இந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு பதில் இருக்கிறது: முதல் பதினோரு மாதம் நான் சாப்பிட்டது ஒன்று, அதற்கப்புறம் சாப்பிடுவது ஒன்று. முதலாவதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நீங்களும் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பாத்தை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்று நினைக்கிறேன். அதனால் முதலில் கணக்கு. தெருவோரக் கடையில் சோற்றின் மேல் இரண்டு வகை வைத்துத் தந்தால் 50, 60 பாத். மால் ஃபுட் கோர்ட்டில் 80, 100. வெள்ளைக்காரர்கள் உட்காரும் பப்பில் ஒரு பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் 300 பாத்துக்குக் குறையாது. குடிக்க ஏதாவது சொன்னால் 400. ஒரு பாத்துக்கு இரண்டரையிலிருந்து மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சீஸ், வெண்ணெய் எல்லாம் பெரும்பாலும் கப்பலில் வருவதுதான். அதற்கென்று இருக்கும் வில்லா மார்க்கெட் மாதிரிக் கடைகளில் ஒரு கூடை நிரப்பிப் பாருங்கள், தெரியும். இதெல்லாம் எங்கள் பக்கத்து விலை. பாங்காக் சுகும்விட்டில் இருப்பவர்கள் "50 பாத்துக்கு எங்கே சோறு?" என்று சண்டைக்கு வரவேண்டாம். மெயின் ரோட்டை விட்டு இரண்டு சந்து உள்ளே நடந்தால் அங்கேயும் இருக்கிறது.

ஆக, கட்டுப்படியாவது எது என்பதில் சந்தேகமே இல்லை. கட்டுப்படியாகாததைத்தான் நான் பதினோரு மாதம் சாப்பிட்டேன்.

எங்கள் ஆலையில் கீழே பெரிய கேன்டீன். லைனில் நிற்பவர் முதல் ஹெச்.ஆர். மேனேஜர் வரை தாய்க்காரர்கள் எல்லோருக்கும் அங்கேதான் மதியச் சாப்பாடு. வெளியிலிருந்து வந்தவர்கள் நாங்கள் ஆறு பேர்: இரண்டு ஜெர்மானியர், ஒரு இங்கிலாந்துக்காரர், ஒரு டச்சுக்காரர், ஒரு ஆஸ்திரேலியர், அப்புறம் நான். பன்னிரண்டு மணிக்கு வேன் வரும். பதினைந்து நிமிடத் தூரத்தில் ஒரு பப். சேர்ந்த அன்றே இங்கிலாந்துக்காரர் தோளில் தட்டி "வா" என்றார், போனேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே எக்ஸ்பேட்களுக்கென்று, அதாவது வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கென்று, தனி மேசை, தனித் தட்டு, வெள்ளைத் துணி எல்லாம் உண்டு. அவர்கள் சாப்பிட்டு முடித்துக் கூப்பிடும்வரை ஃபைலோடு வெளியே நின்றிருக்கிறேன். இப்போது அந்த மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி. விடுவேனா?

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி பழக்கமில்லை. அதனால் அந்த பப்பில் எனக்கு வாய்த்தது கோழி சாண்ட்விச், மீன் வறுவல், மறுபடி கோழி சாண்ட்விச். மூன்றாவது வாரமே நாக்கு செத்துவிட்டது. பப்பில் வேலை செய்யும் பெண்கள் தங்கள் சாப்பாட்டுக்காகக் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கிண்ணம் வைத்திருப்பார்கள். மீன் சாஸில் நறுக்கிப் போட்ட ஊசிமிளகாய். கைகழுவப் போகிற சாக்கில் அதிலிருந்து ஒரு கரண்டி வாங்கி வந்து சாண்ட்விச்சுக்குள் ஊற்றிக்கொள்வேன். சாயங்காலம் அறைக்குப் போனதும் ஊறுகாய் பாட்டிலும் தயிர்சாதமும். மதியத்துக்கு மட்டும் மாதம் 7,000 பாத் போயிற்று. ஊருக்கு அனுப்பும் பணம் குறைகிறதே என்று வீட்டில் கேட்டால், "இங்கே விலைவாசி அப்படி" என்று புளுகினேன்.

டிசம்பர் மூன்றாம் வாரம் ஐந்து பேரும் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனார்கள். எனக்கு ஒருவனுக்காக வேன் வராது. கேன்டீனுக்குப் போகக் கூச்சம். பதினோரு மாதம் எட்டிப் பார்க்காதவன் இப்போது மட்டும் எப்படிப் போவது? ஆலை கேட்டுக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு காவ் கேங் கடை. காவ் என்றால் சோறு, கேங் என்றால் குழம்பு. அதாவது, சோறும் குழம்பும். பத்துப் பன்னிரண்டு பாத்திரம் வரிசையாக மூடி வைத்திருப்பார்கள். நாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கைகாட்ட வேண்டும்.

நாலாவது மூடியைத் திறந்தேன். முருங்கைக்காய்.

தோலைச் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, செம்மஞ்சள் குழம்பில் மீன் துண்டோடு கிடந்தது. கேங் சோம் என்பார்கள், புளிக்குழம்பு. தேங்காய்ப்பால் கிடையாது, புளி, மிளகாய், இறால் விழுது. கடைக்கார அம்மா அதைக் காட்டி "மரும்" என்றார். முருங்கை, மரும். இரண்டுக்கும் உறவு உண்டா என்று மொழி அறிஞர்கள் சொல்லட்டும், எனக்கு அன்று உறவுதான். அதற்குப் பக்கத்துத் தட்டில் கொத்துக் கொத்தாக, சுடுநீரில் வெளுத்தெடுத்த வேப்பம்பூ. இங்கே குளிர்காலத்தில் வேம்பு பூக்கும். பனைவெல்லம், புளி, மீன் சாஸ் மூன்றையும் காய்ச்சிய பாகு ஒரு சின்னக் கிண்ணத்தில். மேலே வறுத்த சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும். தொட்டுக்கொள்ளச் சுட்ட கெளுத்தி. கொழுந்து வேப்பம்பூவைப் பாகில் புரட்டி வாயில் போட்டேன். சித்திரை முதல் நாள் அம்மா பண்ணும் வேப்பம்பூ பச்சடிதான். மாங்காய் மட்டும்தான் இல்லை. நாற்பது வயதுக்காரன் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கண் கலங்கினான் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். பாதிக்குக் காரணம் மிளகாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். "கேக், சதாவ் தின்கிறது பார்!" சதாவ் என்றால் வேம்பு. கேக் என்றால் தின்பண்டம் இல்லை, நம்மைத்தான் அப்படிச் சொல்வார்கள். விருந்தாளி என்றும் அதற்குப் பொருள் உண்டு. வெள்ளைக்காரருக்கு ஃபரங். நம் பறங்கியும் அவர்கள் ஃபரங்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை. நாம் பூசணிக்குப் பறங்கிக்காய் என்று பெயர் வைத்தோம், அவர்கள் கொய்யாவுக்கு ஃபரங் என்று வைத்தார்கள்.

அன்றைய பில் 60 பாத்.

ஜனவரியில் வேன் மறுபடி வந்தது. நான் ஏறவில்லை. இங்கிலாந்துக்காரர் சங்கடப்பட்டுப் போய், தனியாகக் கூப்பிட்டு, "நம்ம ஆள் யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா?" என்று கேட்டார். உண்மையை எப்படிச் சொல்வது? டாக்டர் எண்ணெய்ப் பண்டத்தைக் குறைக்கச் சொன்னார் என்று அங்கேயும் ஒரு புளுகு. மறுநாள் அதே மனிதர் வேன் ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கிறார். என் தட்டில் கப்ராவ், அதன் மேல் எண்ணெயில் மிதக்க மிதக்கப் பொரித்த முட்டை. (கப்ராவ் இலை வேறொன்றுமில்லை, நம் துளசி. பெருமாளுக்குப் படைப்பதை இவர்கள் பன்றிக்கறியோடு வதக்குகிறார்கள். என் மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.)

உடனே வெள்ளைக்காரர்களைக் குறை சொல்கிறேன் என்று எழுத வராதீர்கள். ரொட்டியும் சீஸும் அவர்களுக்குத் தயிர்சாதம் மாதிரி. வெளியூரில் நான்காம் நாளே ரசம் தேடுகிற நமக்கு அவர்களைச் சொல்ல வாயில்லை. அந்த இங்கிலாந்துக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். மனைவி ஈசான் பக்கத்துப் பெண், அதாவது வடகிழக்கு. வீட்டுக்குள் மின் அடுப்பு, அவருக்கு. பின்கட்டில் கேஸ் அடுப்பும் உரலும், அந்த அம்மாவுக்கு. ஏழு மணிக்கு அவர் பீன்ஸும் சாசேஜும் சாப்பிட, அந்த அம்மா பின்கட்டில் பாய் விரித்து, பச்சைப் பப்பாளியை ஊறவைத்த மீனோடு இடித்து, ஒட்டும் சோற்றைக் கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிட்டார். அந்த மீன், பிளா ரா, வாசனையில் நம் கருவாட்டுக்கு அண்ணன். இருபது வருடக் குடித்தனம், சண்டை ஒன்றும் இல்லை. நான் இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டேன். கையால் சாப்பிட்டது பின்கட்டில்.

டச்சுக்காரர் இதற்கு நேர்மாறு. தாய் உணவைத் தவிர வேறு தொடமாட்டேன் என்று சபதம். பப்புக்கு வந்தாலும் அங்கே தாய் அயிட்டம்தான் சொல்வார், "பெட், பெட்" என்று காரத்தை ஏற்றச் சொல்வார், வியர்க்க வியர்க்கத் தின்பார். அதோடு விட்டால் பரவாயில்லை, அசலான தாய் உணவு எது என்று தாய்க்காரர்களுக்கே வகுப்பெடுப்பார். அவரோடு ஒப்பிட்டால் பீன்ஸ்காரர் எவ்வளவோ தேவலாம். ஒன்று சொல்லவேண்டும்: இங்கே 'அமெரிக்கன் ஃபிரைட் ரைஸ்' என்று ஒன்று உண்டு. தக்காளி சாஸில் வறுத்த சோறு, உலர்திராட்சை, சாசேஜ், பொரித்த கோழி, மேலே முட்டை. அமெரிக்கர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. என் பையனுக்கு உயிர்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. வேலை விசாவை நீட்டிக்கும்போது குறைந்தபட்சம் இவ்வளவு மாதச் சம்பளம் என்று காட்டவேண்டும். பொது விதிப்படி அது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான் பாஸ்போர்ட்டுக்கு 50,000 பாத். இந்திய பாஸ்போர்ட்டுக்கு 35,000. மியான்மர், கம்போடியக்காரருக்கு 25,000. சரி, அரசாங்கம் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேல் கொடுக்க யாரும் தடை போடவில்லை. எங்கள் கம்பெனியிலோ அந்த அட்டவணையையே வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். ஒரே வேலை, டச்சுக்காரரைவிட என் அனுபவம் நாலு வருடம் கூட. வீட்டு வாடகைப் படி மட்டும் அவருக்கு என்னுடையதைப்போல இரண்டு மடங்கு. கேட்டால், "உங்கள் ஊர்ச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்கிறார்கள். இது தெரிந்தபிறகும் நான் அந்த மேசையில் 300 பாத் சாண்ட்விச்சைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. நீங்கள் ஆஃபரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வாடகைப் படியைப் பேசிவிடுங்கள். சாப்பாடு வந்தபிறகு தானே சரியாகிவிடும்.

இனி உங்களுக்கு உதவுகிற விஷயம். மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் யாரும் ஒருமாதிரி பார்க்க மாட்டார்கள்; குவான் யின் அம்மனைக் கும்பிடும் சீன வம்சாவளித் தாய்க்காரர்கள் பலர் தொடுவதில்லை. பன்றி மட்டும் கேட்காமலே வரும், விசாரித்து வாங்குங்கள். சுத்த சைவம் என்றால் பாடு கொஞ்சம் கஷ்டம்தான், கீரைப் பொரியலிலும் மீன் சாஸ் விடுவார்கள். 'ஜே' என்று மஞ்சள் கொடியில் சிவப்பாக எழுதியிருக்கும் கடையைத் தேடுங்கள். அங்கே வெங்காயம், பூண்டுகூட இருக்காது, உங்கள் பாட்டியும் சாப்பிடலாம். நான் சைவமில்லை, ஆகவே இதற்கு மேல் என்னை நம்பவேண்டாம். நம்மை உண்மையில் தோற்கடிப்பது காரமில்லை, சர்க்கரை. எல்லாவற்றிலும் ஒரு கரண்டி விழும். "மாய் சாய் நாம் தான்" என்று சொல்லப் பழகுங்கள், சர்க்கரை போடாதே என்று அர்த்தம். குழந்தைகள் இருந்தால் காவ் மன் காய் போதும். கோழி வேகவைத்த நீரில் வடித்த சோறும் கோழியும், காரமே கிடையாது.

வரும்போது கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம் கொண்டு வாருங்கள். புளியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், இங்கே குவிந்து கிடக்கிறது. கறிவேப்பிலைக்குப் பாங்காக்கில் இந்தியக் கடைகள் இருக்கும் பாஹுரத் போகவேண்டும். சிலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற அன்றைக்கே அதையும் முடித்துவிடலாம்.

முருங்கைக்காய்க்கு எங்கள் கேட்டுக்கு எதிரே வாருங்கள். அந்த அம்மாவை இப்போது பா என்றுதான் கூப்பிடுகிறேன், அத்தை, பெரியம்மா மாதிரி. தோலைச் சீவாமல் போட்டால்தான் ருசி என்று ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "உனக்கு என்ன தெரியும்" என்று இன்னும் சீவிக்கொண்டுதான் இருக்கிறார்.