பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்துவிடலாமா?

கேள்வி: எங்களுடையது தாம்பரம் பக்கத்தில் முடிச்சூரில் 12 வருடத்துக்கு முன் கட்டிய தரைத்தள வீடு. இந்த மழையில் இடுப்பளவு தண்ணீர் புகுந்து இரண்டு நாள் நின்றது. வடிந்து பத்து நாள் ஆகிறது; சேற்றை அள்ளிக் கழுவிவிட்டோம். சுவர் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது, கீழ்ப்பக்கம் பட்டி உப்பி உதிர்கிறது. பெயிண்டர் "பொங்கலுக்குள் முடித்துக் கொடுத்துவிடுகிறேன்" என்கிறார். மெயினைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். மாமியாருக்கு 74 வயது. எல்லோரும் நாத்தனார் வீட்டில் தங்கியிருக்கிறோம். எதை முதலில் செய்வது?

பதில்: பெயிண்டருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேட்க வேண்டாம். சித்திரையில் வரச் சொல்லுங்கள்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதே, அந்த வெள்ளத்துக்குப் பிறகு உங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். போகிக்குள் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த வீடுகளில், வெயில் ஏறியதும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மறுபடி சுரண்டல், மறுபடி பட்டி, மறுபடி கூலி. காத்திருந்தவர்கள் ஒருமுறைதான் செலவு செய்தார்கள்.

செங்கல் தண்ணீரை உறிஞ்சும், மேலேயும் ஏற்றும். வெள்ளம் நின்றது மூன்றடி என்றால் ஓதம் நான்கடி, ஐந்தடி வரை ஏறியிருக்கும். போதாததற்கு, தரைக்கு அடியில் நிரப்பிய மணலில் தேங்கியிருக்கும் தண்ணீர் சுவரின் அடியை நனைத்துக்கொண்டே இருக்கும். ஒரு அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். நம் ஊர் வெயிலில் கொஞ்சம் முன்னதாகவே முடியலாம், ஆனால் நான்கு வாரத்தில் முடியாது. அந்த ஈரத்தின் மேல் பட்டியும் பெயிண்டும் பூசுவது பானைக்கு மூடி போடுவது போல.

சுவரைத் தொடுவதற்கு முன் உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: மெயினைத் தொட வேண்டாம். போட்டுப் பார்த்தால் தெரியும் என்ற யோசனையில்தான் உயிர் போகிறது. சுவருக்குள் ஓடும் வயர் குழாய்களில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு எல்லா சுவிட்ச் பெட்டிகளையும் திறந்து காயவிடச் சொல்லுங்கள். பிறகு மெக்கர் (வயரின் காப்பு கெட்டிருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பார்க்கட்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டும் சர்க்யூட்டுக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. முழுகிய எம்.சி.பி. (மின் பெட்டியில் தானே விழும் சின்ன சுவிட்ச்), பிளக் பாயிண்டுகளை மாற்றித்தான் ஆக வேண்டும். துடைத்துக் காயவைத்தால் போதும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். மாற்றும்போதே கீழே இருக்கும் பிளக் பாயிண்டுகளை வெள்ளக்கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். எர்த் கசிவில் தானே அணையும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் இப்போதே போட்டுவிடலாம். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் எதையும் மெக்கானிக் பார்க்காமல் போட வேண்டாம். தண்ணீரில் நின்ற ஸ்கூட்டருக்கும் இதே விதிதான்.

அடுத்தது சம்ப், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. இங்கே அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். மண் முழுக்க ஊறி நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும்போது சம்ப்பை ஒட்ட இறைத்துக் காலி செய்தால், கீழிருந்து தள்ளும் தண்ணீர் அதன் அடித்தளத்தை விரிசல் விடச் செய்யும். இலேசான தொட்டியாக இருந்தால் மேலே கிளப்பிவிடும். செப்டிக் டேங்குக்கும் இது பொருந்தும், லாரியை இப்போதே கூப்பிடாதீர்கள். பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் சம்ப்பின் அடிக்குக் கீழே இறங்கிய பிறகு இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விடுங்கள். 1000 லிட்டருக்கு சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் புழங்கலாம். வெகுநாள் திறந்து கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. குடிப்பதற்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான். தரை கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிடையும் ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள், குளோரின் புகை கிளம்பும்.

இப்போது சுவர். உப்பிய பட்டியையும் பழைய பெயிண்டையும் ஓதக்கோட்டுக்கு ஓர் அடி மேல்வரை சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். பூச்சை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், பிடிப்பு விட்ட இடம் 'டொப் டொப்' என்று தானே சொல்லும். அங்கே மட்டும் கொத்தினால் போதும். வெள்ளையாக உப்புப் பூத்தால் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்த நார்ப் பிரஷ்ஷால் தட்டிப் பெருக்கி வெளியே கொட்டுங்கள்; ஐந்தாறு முறை பூக்கும். பீரோ, கட்டில் எல்லாம் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கட்டும். வெயில் நாளில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், மழை நாளில் மூடுங்கள். வயரிங் சரியான பிறகு டேபிள் ஃபேனைச் சுவரின் அடியைப் பார்த்து வையுங்கள். தை, மாசியின் வறண்ட காற்றுதான் இதற்குச் சரியான பருவம்.

பொங்கலுக்கு வீடு வெறுமையாகக் கிடக்க மனசு கேட்காது, தெரியும். சுரண்டிய இடத்தில் பழைய முறையில் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். பிறகு பட்டி பார்க்கும்போது அதைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது பெயிண்டரைக் கூப்பிடுவது? ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரின் அடிப்பக்கத்தில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒவ்வோர் அறையிலும் இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும்.

மரச் சாமான்களில் மரத்தூள் பலகையில் செய்தவை ஊதிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. தேக்கு, வேம்பு பிழைக்கும். நிழலில்தான் காய வேண்டும். மூட முடியாமல் இறுகிய கதவை இப்போது இழைக்கவே கூடாது. காய்ந்ததும் சுருங்கிவிடும், அப்புறம் இடைவெளி வழியே பல்லி வரும்.

வீட்டுக் கடன் இருந்தால் வங்கியில் கேளுங்கள். பல நேரம் கடனோடு சேர்த்தே காப்பீடு எடுத்திருப்பார்கள், பலருக்கு அது நினைவிலேயே இருக்காது. 2021 ஏப்ரலுக்குப் பின் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வெள்ளச் சேதமும் அடக்கம். வெள்ளக்கோடு தெரியும்படி படம் எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வரும்வரை கெட்ட சாமான்களைக் குப்பை வண்டியில் போட்டுவிடாதீர்கள். நனைந்த பத்திரத்தை இஸ்திரி போட வேண்டாம், நடுவில் காகிதம் வைத்து நிழலில் உலர்த்துங்கள். எழுத்து அழிந்திருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

நீங்கள் திரும்பிப் போக நான்கு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. வயரிங் சோதனை முடிந்து, நல்ல தண்ணீரும் கக்கூஸும் சரியானால் போகலாம். மாமியாருக்கு ஆஸ்துமா, இழுப்பு ஏதாவது இருந்தால் மட்டும் பூஞ்சை வாடை போகும்வரை நாத்தனார் வீட்டிலேயே இருக்கட்டும். அந்தத் தண்ணீரில் நின்ற யாருக்காவது ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மருந்துக் கடையோடு நிறுத்தாமல் டாக்டரிடம் போய் "வெள்ளத்தில் நின்றேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று பார்ப்பார்.