ஆராய்ச்சி மென்பொருள் மாநாட்டுக்கு உரை அனுப்புவது எப்படி? டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆய்வுக்காக நிரல் எழுதுகிறவர்களுக்கென்றே இப்போது தனி மாநாடுகள் நடக்கின்றன. பிரிட்டனில் 2016-இல் மான்செஸ்டரிலும், ஜெர்மனியில் 2019-இல் போட்ஸ்டாமிலும், அமெரிக்காவில் 2023-இல் சிகாகோவிலும் முதல் மாநாடுகள் கூடின. இத்தகைய மாநாடுகளுக்கு உரையோ பயிலரங்கோ அனுப்ப நினைக்கும் டெல்டா மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சம்பா, தாளடி நெற்பரப்பைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிடும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். ஆய்வுக் கட்டுரை இன்னும் வெளிவரவில்லை. விண்ணப்பிக்கலாமா? கட்டுரைக்கு எழுதிய சுருக்கத்தையே அனுப்பலாமா?
— ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

தாராளமாக விண்ணப்பியுங்கள். கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும் என்று இந்த மாநாடுகள் பொதுவாகக் கேட்பதில்லை. ஆனால் கட்டுரைச் சுருக்கத்தை அப்படியே அனுப்பாதீர்கள். கட்டுரையில் 'எவ்வளவு பரப்பு, எவ்வளவு துல்லியம்' என்பதுதான் பேச்சு. மாநாட்டு அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களோ வானியலுக்கும் மரபணு ஆய்வுக்கும் நிரல் எழுதுகிறவர்கள். உங்கள் முடிவைவிட, அந்த முடிவுக்கு வந்த நிரல் எங்கே தடுக்கியது, நீங்கள் எதைத் தேர்ந்தீர்கள், ஏன் தேர்ந்தீர்கள் என்பதே அவர்களுக்கு வேண்டும்.

உங்கள் வேலையில் அதற்குப் பஞ்சமே இல்லை. சம்பா வயலில் நிற்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மேகம் மூடிய வானத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுக்கும் ஒளிப்படங்களை நம்ப முடியாது. மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடாருக்குப் போக வேண்டும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலிலிருந்து ரேடாருக்கு மிகக் குறைவான எதிரொலிதான் திரும்பும்; பயிர் வளர வளர அது கூடும். அந்த ஏற்றத்தை வைத்து நடவுத் தேதியைக் கணிக்கிறீர்கள் என்றால், மேட்டூர் அணை திறப்பு இங்கே பெரிய சிக்கலாக வந்து நிற்கும். வழக்கமான தேதி ஜூன் 12. அதை நம்பிக் குறுவைக்கும், குறுவை அறுத்த வயலில் அடுத்து நடும் தாளடிக்கும் இடைப்பட்ட எல்லைத் தேதியை நிரலுக்குள் நிலையாக எழுதிவைத்தால், தண்ணீர் பிந்தி வரும் ஆண்டில் பிந்தி நட்ட குறுவையைத் தாளடி என்று நிரல் எண்ணிவிடும். தரவிலிருந்தே தேதியைக் கண்டுபிடிக்கும்படி நிரலை மாற்றியிருந்தால், உரையின் நடுப்பகுதி அதுதான். கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேடான அடங்கலில் உள்ள சர்வே எண்ணோடு படத்தின் புள்ளிகளை ஒப்பிட்டுச் சரிபார்த்திருந்தால் அதையும் சேருங்கள். நெல்லையே பார்த்திராத வானியலாளர்கூட இதைக் கேட்டுவிட்டுத் தன் நிரலில் எந்த அனுமானம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'தென்னிந்தியாவின் ஒரு பகுதியில்' என்று பொதுவாக எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காவிரி டெல்டா என்றே எழுதுங்கள். குறுவை, தாளடி என்ற சொற்களை வைத்துக்கொண்டு, ஒரு வரியில் விளக்குங்கள். உள்ளூர்ச் செய்தியை மழுக்கிய சுருக்கம் எந்த ஊருக்கும் பொருந்துவதுபோல் ஆகிவிடுகிறது. மதிப்பீட்டாளர் மனத்தில் அது நிற்பதில்லை.

உரை, பயிலரங்கு, போஸ்டர், கலந்துரையாடல் எனப் பல வகை கேட்கிறார்கள். எதைத் தேர்வது?
— கல்லூரி ஆசிரியர், கும்பகோணம்

ஒரு அனுபவத்தைச் சொல்லி முடிக்க முடியுமானால் உரை. பாதியில் நிற்கும் வேலைக்குப் போஸ்டர் மிக நல்லது. கேட்பவர் பக்கத்தில் நின்று பேசுவார், வேலை முன்னேறும். உங்களிடம் கேள்விதான் இருக்கிறது, பதில் இல்லை என்றால் கலந்துரையாடல்.

பயிலரங்குக்கு மட்டும் துணிவோடு திட்டமும் வேண்டும். முதல் அரை மணி நேரத்தை நிறுவல் தொல்லையே விழுங்கிவிடும். முன்மொழிவிலேயே மூன்று செய்திகளைச் சொல்லிவிடுங்கள்: பங்கேற்பவருக்கு முன்னறிவு எவ்வளவு வேண்டும், நிறுவல் வேலையை எப்படி முன்கூட்டியே முடிக்கப்போகிறீர்கள், அரங்கில் இணையம் படுத்துவிட்டால் தரவை எப்படிக் கொடுப்பீர்கள். நேரப் பகிர்வையும் எழுதுங்கள். உதவிக்கு இன்னொருவர் இருக்கிறார் என்றால் தேர்வுக் குழுவின் நம்பிக்கை கூடும்.

நாங்கள் ஓலைச்சுவடிப் படங்களிலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள் செய்கிறோம். பெயர் மறைத்து அனுப்பச் சொல்கிறார்கள். தஞ்சாவூர் என்று எழுதினாலே நாங்கள் யார் என்று தெரிந்துவிடாதா?
— ஆய்வுக்குழு, திருவாரூர்

மறைக்க வேண்டியவை உங்கள் பெயர், நிறுவனம், நிதி அளித்தவர், உங்கள் இணையக் கணக்குக்குப் போகும் இணைப்பு. மென்பொருளின் பெயரைத் தேடினால் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்றால் அதையும் எடுத்துவிட்டு, 'எங்கள் கருவி' என்று எழுதுங்கள். தரவின் ஊரை மறைக்க வேண்டியதில்லை. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகச் சுவடிகளில் யாரும் வேலை செய்யலாம். புள்ளி வைக்காத எழுத்து, எகர ஏகார வேறுபாடு காட்டாத எழுத்து, இவற்றை அச்செழுத்துக்குப் பழக்கிய நிரல் எப்படித் திணறுகிறது என்று எழுதுங்கள். விதிமுறை மாநாட்டுக்கு மாநாடு மாறும். அழைப்பை முழுதாகப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆங்கிலம் எனக்குச் சரளமில்லை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதலாமா?
— மயிலாடுதுறை வாசகர்

முதலில் தமிழிலேயே எழுதுங்கள், அல்லது நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். சிக்கல், நீங்கள் செய்தது, கேட்பவர் எடுத்துச்செல்வது ஆகிய மூன்றும் தெளிந்த பிறகு மொழிக்கு உதவி வாங்கலாம். மாநாடு அனுமதிக்கிறதா, தெரிவிக்கச் சொல்கிறதா என்று பார்த்து அதன்படி நடங்கள். கருவியிடம் சுருக்கத்தையே எழுதச் சொன்னால், நீங்கள் பட்ட பாடு எதுவும் அதில் இருக்காது. சிறு இலக்கணப் பிழைக்காக நல்ல முன்மொழிவைத் தள்ளுவது சரியல்ல. நல்ல குழுக்கள் அப்படிச் செய்வதும் இல்லை.

நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டால்தான் ஏற்பார்களா?
— ஆராய்ச்சியாளர், ஆடுதுறை

எல்லா இடத்திலும் கட்டாயமில்லை, ஆனால் வெளியிட்டால் உங்களுக்கு நல்லது. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு உரிமக் கோப்பைச் சேருங்கள். உரிமம் இல்லாத நிரலைப் பிறர் சட்டப்படி பயன்படுத்த முடியாது. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றினால், பிறர் மேற்கோள் காட்ட உதவும் நிலையான அடையாளமான டிஓஐ எண் கட்டணமின்றிக் கிடைக்கும். விவசாயிகளின் பெயரும் சர்வே எண்ணும் உள்ள தரவு மட்டும் வெளியே போகக் கூடாது; மாதிரித் தரவு செய்து வையுங்கள்.

செலவும் விசாவும் பயமுறுத்துகின்றன. கடைசித் தேதியும் குழப்புகிறது.
— ஆய்வு மாணவர், நாகப்பட்டினம்

உதவித்தொகைக்குப் பெரும்பாலும் தனி விண்ணப்பம் உண்டு. அதன் கடைசி நாள் உரைக்கான நாளோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். இரண்டு தேதிகளையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்பு வந்த அன்றே அழைப்புக் கடிதம் கேளுங்கள், விசா வேலைக்கு வாரங்கள் ஓடிவிடும். இணையவழி உரைக்கு இடமுண்டா என்று அமைப்பாளர்களிடம் நேரடியாகக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். வெளிநாட்டுப் பயணம் நடக்காது என்றால், பைத்தான் பயன்படுத்துகிறவர்களுக்கு 2009 முதல் நடக்கும் பைகான் இந்தியாவும் நல்ல மேடைதான்.

கடைசித் தேதிக்குப் பக்கத்தில் 'எனிவேர் ஆன் எர்த்' என்று போட்டிருந்தால், உலகத்தில் கடைசியாக நாள் முடியும் இடத்தின் நேரம் என்று பொருள். அங்கே நள்ளிரவு 11.59 ஆகும்போது நாகப்பட்டினத்தில் மறுநாள் மாலை 5.29. அது இல்லாமல் வெறும் தேதி மட்டும் இருந்தால் அமைப்பாளரின் ஊர் நேரம் என்று எடுத்துக்கொண்டு முந்திய நாளே அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான தளங்களில் கெடு முடியும்வரை திருத்தவும் முடியும்.