“உங்கள் போனுக்கு இந்த ஆப் பொருந்தாது”: டெல்டாவிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

ஆண்ட்ராய்டு ஆப் செய்யும் தம்பி தங்கைகள் கேட்டவற்றில், போனின் வன்பொருள் சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஒரத்தநாட்டிலிருந்து: அக்கா, நெல் இலையைப் படமெடுத்தால் நோயைச் சொல்லும் ஆப் செய்திருக்கிறேன். எங்கள் பெரியப்பாவின் பழைய டேப்லெட்டில் ப்ளே ஸ்டோரில் தேடினால் வரவே மாட்டேன் என்கிறது. கேமரா இருக்கிறதே?

கேமரா இருக்கிறது தம்பி, ஆட்டோஃபோகஸ் இல்லை. மேனிஃபெஸ்டில், அதாவது ஆப்புக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி வைக்கும் ஃபைலில், கேமரா பெர்மிஷன் கேட்டாலே, ‘பின்பக்கக் கேமராவும் ஆட்டோஃபோகஸும் கட்டாயம்’ என்று ப்ளே ஸ்டோர் தானாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதாத நிபந்தனை அது. இரண்டையும் யூசஸ்-ஃபீச்சர் வரியில் (எந்த வன்பொருள் வேண்டும் என்று சொல்லும் வரி) நீங்களே எழுதி, ரிக்வயர்ட் என்ற இடத்தில் ஃபால்ஸ் போடுங்கள். எதுவும் போடாமல் விட்டால் ட்ரூ, அதாவது கட்டாயம் என்றுதான் அர்த்தம்.

ஆனால் அதோடு வேலை முடியவில்லை. குலைநோய்ப் புள்ளி கண் வடிவத்தில், நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும். ஃபோகஸ் ஆகாத கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் அந்த ஓரமெல்லாம் கலங்கிவிடும், செம்புள்ளியா குலையா என்று உங்கள் ஆப்பால் பிரிக்க முடியாது. அதனால் ஆப் திறக்கும்போது, போனில் ஆட்டோஃபோகஸ் இருக்கிறதா என்று ஹேஸ்-சிஸ்டம்-ஃபீச்சர் கட்டளையால் கேட்டுப் பாருங்கள். ஆட்டோஃபோகஸ் இல்லையென்றால், ‘கேலரியிலிருந்து படம் எடு’ என்ற பட்டனை முன்னால் காட்டுங்கள். மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரியப்பா அதில் போட்டுக்கொள்வார்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வயல் அளக்கும் ஆப் ஒன்று செய்தபோது, ஒரு மாதிரிக் கோடிலிருந்து கைரோஸ்கோப் (போன் சுழல்வதை உணரும் சென்சார்) கட்டாயம் என்ற வரியையும் சேர்த்துக் காப்பி அடித்துவிட்டேன். அளப்பதற்கு ஜிபிஎஸ் போதும், கைரோஸ்கோப்புக்கு அங்கே வேலையே இல்லை. பாபநாசத்தில் என் சித்தப்பா வரப்பில் நின்று, வெயிலுக்குத் துண்டால் போனை மறைத்துக்கொண்டு தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இன்னும் போடலையா?” என்று போன் செய்தார். அவர் போனில் கைரோஸ்கோப் இல்லை. யாருக்காகச் செய்தேனோ அவருக்கே போய்ச் சேரவில்லை. அந்த வன்பொருள் இல்லாவிட்டால் ஆப் செத்துப்போகுமா என்று உங்களையே கேளுங்கள். சாகாது என்றால் கட்டாயம் ஆக்காதீர்கள்.

மன்னார்குடியிலிருந்து: உரக்கடைக் கணக்கு ஆப். கடையில் இருப்பது சிம் இல்லாத வைஃபை டேப்லெட். அதில் கிடைக்கவில்லை.

பாக்கி வைத்திருப்பவரை அழைக்க ஒரு பட்டன் வைத்து, கால்-ஃபோன் பெர்மிஷன் கேட்டிருப்பீர்கள். அது டெலிஃபோனி வன்பொருளைக் கட்டாயமாக்கிவிடும். பெர்மிஷனை எடுத்துவிட்டு ஆக்‌ஷன்-டயல் பயன்படுத்துங்கள். போனில் என்றால் எண் டயலரில் வந்து நிற்கும், கடைக்காரர் பச்சையை அழுத்தினால் போதும். சிம் இல்லாத டேப்லெட்டிலிருந்து அழைக்க முடியாது, அங்கே எண்ணை மட்டும் காட்டுங்கள்.

நாகை அக்கரைப்பேட்டையிலிருந்து: படகுக்குத் திசை காட்டும் ஆப். சில போன்களில் அம்பு அசையவே இல்லை. காம்பஸைக் கட்டாயம் ஆக்கிவிடலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. விலை குறைந்த பல போன்களில் காம்பஸுக்கு வேண்டிய காந்த சென்சாரான மேக்னெட்டோமீட்டரே கிடையாது, ஜிபிஎஸ் மட்டும் இருக்கும். கட்டாயம் ஆக்கினால் அந்தப் போன் வைத்திருக்கும் மீனவருக்கு ஆப்பே இல்லாமல் போகும். படகு ஓடிக்கொண்டிருக்கும்போது ஜிபிஎஸ்ஸே போகும் திசையைத் தரும், அதை வைத்து அம்பைத் திருப்புங்கள். வலை விட்டு நிற்கும்போது அந்தத் திசையை நம்ப முடியாது. அப்போது அம்பை மறைத்துவிட்டு, கரை எத்தனை கிலோமீட்டர், எந்தப் பக்கம், வடமேற்கா தென்மேற்கா என்று எழுத்தில் காட்டுங்கள். மேக்னெட்டோமீட்டர் இருக்கும் போனும் இன்ஜின் இரும்புப் பக்கத்தில் வைத்தால் தப்பாகக் காட்டும், அதையும் திரையில் சொல்லிவிடுங்கள். கடலில் தப்பான அம்பைவிட அம்பு இல்லாததே மேல்.

திருவாரூரிலிருந்து: ப்ளே ஸ்டோர் மறுத்த போனில், ஏபிகே ஃபைலை (ஆப்பை நிறுவும் ஃபைல்) வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏறிவிடுகிறது. எப்படி?

யூசஸ்-ஃபீச்சரைப் பார்த்து வடிகட்டுவது ப்ளே ஸ்டோர்தான். நிறுவும்போது ஆண்ட்ராய்டு அதைப் பார்ப்பதில்லை. ஆனால் மின்-எஸ்டிகே (ஆப்புக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பு), பிராசஸர் வகை இரண்டையும் ஆண்ட்ராய்டே பார்க்கும். நேட்டிவ் லைப்ரரி (பிராசஸருக்கென்றே தயாரித்த கோடு) இருக்கிற ஆப்பில் 64 பிட் மட்டும் வைத்தால், 32 பிட் ஆண்ட்ராய்டு ஓடும் போனில் எப்படி அனுப்பினாலும் ஏறாது. 2019 ஆகஸ்டிலிருந்து 64 பிட்டும் வேண்டும் என்று ப்ளே ஸ்டோர் கேட்கிறது, 32ஐ எடுத்துவிடச் சொல்லவில்லை. இரண்டையும் வையுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: ஒன்றுமே மாற்றவில்லை, புது லைப்ரரி ஒன்று சேர்த்தேன். அவ்வளவுதான், பொருந்தும் போன்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது.

லைப்ரரியின் மேனிஃபெஸ்ட் உங்களுடையதோடு கலந்துவிட்டது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் ‘மெர்ஜ்ட் மேனிஃபெஸ்ட்’ பக்கத்தைத் திறங்கள், எந்த வரி எங்கிருந்து வந்தது என்று காட்டும். வேண்டாத வரியை உங்கள் மேனிஃபெஸ்டில் ‘டூல்ஸ்’ என்று தொடங்கும் நீக்கல் குறிப்பு எழுதி நீக்கலாம்.

திருவையாற்றிலிருந்து: வெளியிடும் முன்பே இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது?

கணினியில் ‘ஏஏபிடி டம்ப் பேட்ஜிங்’ என்ற கட்டளையை ஏபிகே மேல் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதாமலே சேர்ந்த நிபந்தனைகள் தனி வரியில் வரும். ப்ளே கன்சோலின் டிவைஸ் கேட்டலாகில் எந்த மாடல் விலக்கப்பட்டது, எதனால் என்று இருக்கும். அப்புறம் உங்கள் ஊர்ப் பழைய போன் கடைக்குப் போய், அதிகம் விற்கும் நான்கு மாடல்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, அந்த நான்கையும் கேட்டலாகில் தேடுங்கள்.