உச்சி வேளைப் பயம்: நாட்டார் திகில் படங்கள் பற்றிய கேள்வி பதில்

பெங்களூரில் நம் தமிழ்த் திரைப்பட வட்டத்தினர் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே கேள்வியைப் பலர் அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு முறைதான் சொல்வேன்.

பேய்ப் படத்துக்கும் நாட்டார் திகில் படத்துக்கும் என்ன வேறுபாடு? (அல்சூர்)

பேயை வேறு ஊருக்கு அழைத்துப் போக முடிந்தால் அது பேய்ப் படம்; முடியாவிட்டால் நாட்டார் திகில். என் அளவுகோல் இவ்வளவுதான். 'தும்பாட்' (2018) படத்தில், ஹஸ்தர் என்னும் சபிக்கப்பட்ட தெய்வத்துக்கு ஒரு கொங்கண ஊரில் கோயில் கட்டிவிடுகிறார்கள். தேவர்களின் கோபம் அங்கே ஓயாத மழையாகக் கொட்டுகிறது. மழையே தண்டனை. படக்குழுவும் பல மழைக்காலங்கள் காத்திருந்து எடுத்தது. அந்தக் கதையைக் கோலாருக்குக் கொண்டுவந்து பாருங்கள். முதல் காட்சியிலேயே காய்ந்துவிடும்.

ஹஸ்தர் எந்தப் புராணத்தில் வருகிறான்? (பலர்)

எதிலும் இல்லை. படத்துக்காகப் படைத்தது.

'காந்தாரா' என்ற கன்னடப் படத்தில் வரும் பஞ்சுருளி எந்த வகைப் பேய்? (ஒயிட்ஃபீல்டு)

பேய் இல்லை ஐயா, தெய்வம். மங்களூர்ப் பக்கத்துத் துளுநாட்டின் பன்றி வடிவத் தெய்வம். தெய்வமாக வேடமிட்டு அருள் வந்து ஆடும் சடங்குதான் கோலம். அதைக் கட்டுகிறவர்கள் பம்பத, நலிகே, பரவ சமூகத்தார். தெய்வத்தின் பிறப்பையும் அலைச்சலையும் பாட்தனா என்னும் பாடலாகப் பாடுகிறார்கள். அருள் வந்தபின் நிலத் தகராறும் குடும்பச் சண்டையும் அதன் முன் தீர்ப்புக்கு வரும். படம் பார்த்துவிட்டு, அதில் அருள் வந்தவர் அலறும் அலறலைத் திருமண மண்டபத்தில் அலறிக் காட்டுகிறவர்கள், தங்கள் வீட்டுப் பூசையறையில் யாராவது அப்படிக் கூத்தடித்தால் பொறுப்பார்களா? கைப்பேசியை நீட்டிக்கொண்டு கோலத்துக்குப் போகாதீர்கள்.

தெய்வம் என்றால் பயம் இல்லையா? சுடலைமாடன் கொடையில் சாமி நள்ளிரவில் வேட்டைக்குப் போகும்போது எங்கள் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். நீங்கள் பட்டணத்துக்காரர்போல் பேசுகிறீர்கள். (ராமமூர்த்தி நகர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்)

இப்படிச் சண்டைக்கு வந்தால்தான் எனக்கும் பிடிக்கிறது. பயம் இல்லை என்று நான் சொல்லவில்லையே. பேய்க்குப் பயப்படுகிறவன் ஓடிவிடலாம். சாமிக்குப் பயப்படுகிறவன் அதே ஊரில் அதற்குப் படையல் போட்டு வாழவேண்டும். 'காந்தாரா'வில் அரசன் தெய்வத்துக்காக ஊராருக்கு நிலம் கொடுக்கிறான். அவன் வழிவந்தவன் அதைத் திரும்பக் கேட்டு வழக்காடப் போய், நீதிமன்றப் படியில் இரத்தம் கக்கிச் சாகிறான். அங்கே பயமுறுத்துவது பஞ்சுருளியின் முகமா, மீறிய வாக்கா? உங்கள் தெரு கதவைச் சாத்துவதும் சாமிக்கு வழிவிடும் மரியாதைதான். வில்லுப்பாட்டில் மாடன் கதையை முழுக்கக் கேட்டவர் நீங்கள். யோசித்துவிட்டு மறுபடி வாருங்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் கதவில் அம்மா 'நாளே பா' என்று எழுதிவைத்தார், இரவில் கதவைத் தட்டும் பேய் நாளை வரட்டும் என்று. அது நாட்டார் திகில்தானே? (ஸ்ரீராமபுரம்)

அளவுகோலை வைத்துப் பாருங்கள். அதே கதையை 'ஸ்த்ரீ' (2018) மத்தியப் பிரதேசத்துச் சந்தேரிக்குக் கொண்டுபோனது. அங்கேயும் பேய் சௌக்கியமாக நடமாடியது. எனவே நல்ல பேய்க்கதை, அவ்வளவே.

தமிழில் ஏன் இத்தகைய படங்கள் அதிகம் இல்லை? (ஜாலஹள்ளி, கோரமங்களா, இன்னும் பலர்)

கதைக்குப் பஞ்சம் இல்லை. முப்பந்தல் இசக்கி இருக்கிறாள், பழையனூர் நீலி இருக்கிறாள், மேல்மலையனூர் மயானக்கொள்ளை இருக்கிறது. குறை கண்ணில். நம் இயக்குநர்கள் பயம் என்றால் இரவு, மழை, மலைப் பங்களா என்று போய்விடுகிறார்கள். தென் தமிழகத்துப் பாட்டிகள் எச்சரித்தது உச்சி உருமத்தை. வெயில் கொதிக்கும் நடுப்பகல், ஆளில்லாத பனங்காடு, நிழல் காலடியில் சுருங்கிக் கிடக்கும் நேரம். எல்லாம் வெட்ட வெளிச்சமாகத் தெரிகிறது, ஒளிந்துகொள்ள இடமே இல்லை. தேரிக்காட்டுச் செம்மணலில் இந்த ஒரு பொழுதை மட்டும் வைத்து ஒருவர் படம் எடுக்கட்டும், முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன். 'பிரம்மயுகம்' (2024) மலையாள மண்ணின் இருளை வண்ணமே இல்லாமல் காட்டியது. நமக்கு வேண்டியது நம் வெயில்.

பஞ்சுருளி பேயா? (எலக்ட்ரானிக் சிட்டி)

மேலே படியுங்கள்.

ஜூலையில் மங்களூர் போகிறோம். கோலம் பார்த்துப் படம் பிடிக்க முடியுமா? (விவேக் நகர்)

மே கடைசியில் பத்தனாஜே என்னும் நாள் வந்தால் கோலப் பருவம் முடிந்தது. பொதுவாகத் தீபாவளிக்குப் பிறகுதான் மறுபடி தொடங்கும். ஜூலையில் சிராடி மலைப்பாதையில் மண்சரிவு உண்டா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். கேமராவைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.