சென்னை படுக்கையறைக்கு ஹியூமிடிஃபையர் வேண்டுமா?

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு. மகனுக்கு நான்கு வயது. மார்கழியிலும் ராத்திரி முழுக்க ஏசி ஓடுகிறது. காலையில் எழுந்தால் அவனுக்கு மூக்கு காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது, உதடும் வெடிக்கிறது. சிகாகோவில் இருக்கும் அக்கா, "குளிர்காலத்துக்கு, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் மெஷின் கட்டாயம் வேண்டும்" என்கிறாள். பொங்கலுக்கு வரும்போது தன் பழைய மெஷினையே கொண்டுவரட்டுமா என்றும் கேட்கிறாள். எந்த வகை நல்லது?

பதில்: முதலில் ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்குங்கள், மெஷினைப் பற்றி அப்புறம் பேசலாம். காற்றில் ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி அது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பையன் படுக்கும் இடத்தில், தலைமாட்டுப் பக்கம், ஏசி காற்று நேராகப் படாத மாதிரி வைத்து இரண்டு மூன்று ராத்திரி பாருங்கள். விடியற்காலையில் 40க்கும் 60க்கும் நடுவில் இருந்தால் உங்களுக்கு ஹியூமிடிஃபையர் தேவையில்லை. சென்னையில் பெரும்பாலான படுக்கையறைகள் இந்தக் கணக்குக்குள்தான் வரும் என்பது என் அனுபவம்.

மலிவான மீட்டர் சரியாகக் காட்டுமா என்ற சந்தேகம் நியாயமானது. அதை வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் குழையுங்கள். உப்பு கரைந்து ஓடிவிடக் கூடாது. இந்த மூடியையும் மீட்டரையும் இறுக்கமாக மூடும் டப்பா ஒன்றில் ராத்திரி முழுக்க வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மீட்டர் 70 காட்டினால், 5 குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் அக்கா சொல்வது அவர் ஊருக்குச் சரிதான். குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 5 கிராம் அளவு நீராவியைத்தான் வைத்திருக்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் 20 டிகிரிக்குச் சூடானால், அதற்கு 17 கிராமுக்கு மேல் தாங்கும் சக்தி வந்துவிடுகிறது. இருப்பதோ அந்த 5 கிராம்தான். அதனால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய், தோலும் மூக்கும் வறண்டு போகின்றன. சிகாகோவில் குளிர் 0 டிகிரிக்கும் கீழே போவதால் நிலைமை இன்னும் மோசம்.

நம் மார்கழி அப்படியா? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாத நேரம். காலையில் பைக் சீட் நனைந்திருக்கும், திறந்து வைத்த அப்பளம் நமத்துப்போகும். வெளிக்காற்றில் ஈரத்துக்குக் குறைவே கிடையாது. சென்னையில் காற்று உண்மையிலேயே காய்வது கத்திரி வெயிலில், கடல்காற்று தாமதமாக வரும் மத்தியான நேரங்களில்தான். ஜன்னலில் வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தது அந்த வறட்சிக்காகத்தான்.

அப்படியானால் மூக்கு ஏன் காய்கிறது? ஏசியின் உள்ளே இருக்கும் குளிர்ந்த காயிலில் பட்டுக் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகிக் குழாய் வழியே வெளியே போகிறது. 18, 19 என்று வைத்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி இன்னும் அதிகமாக உறிஞ்சும். 26இல் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிடுங்கள். ரிமோட்டில் 'ட்ரை' மோட் தவறியும் வேண்டாம். அதன் வேலையே ஈரத்தை எடுப்பதுதான். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஏசி காற்று குழந்தையின் முகத்தில் நேராக அடிக்கிறதா என்று பார்ப்பது. அறையில் ஈரப்பதம் 50 இருந்தாலும், ராத்திரி முழுக்க முகத்தில் காற்று வீசினால் மூக்கு காயத்தான் செய்யும். ஏசியின் தகட்டை மேலே திருப்புங்கள், முடிந்தால் கட்டிலை நகர்த்துங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு மருந்து பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அடிக்கடி ரத்தம் கசிந்தால், காற்றைக் குறை சொல்லிக்கொண்டு இருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மீட்டர் 40க்குக் கீழேயே நின்றால், சரி, மெஷின் வாங்கலாம். குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி விடும் வகையை நான் சொல்லவே மாட்டேன். கை பட்டுக் கவிழ்ந்தால் வெந்துவிடும். மீதி இரண்டில் கடையில் அதிகம் கிடைப்பது அல்ட்ராசோனிக். ஒரு சின்னத் தகடு வேகமாக அதிர்ந்து தண்ணீரைப் பனிப்புகையாக்கி வெளியே தள்ளும். சத்தம் கிடையாது, விலையும் குறைவு. ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளையும் சேர்த்தே காற்றில் விட்டுவிடும்.

இது நம் ஊருக்குப் பெரிய விஷயம். உங்கள் அடுக்குமாடியில் போர் தண்ணீர் என்றும், அதன் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராம் கணக்கில்) 1000 என்றும் வைத்துக்கொள்வோம். மெஷின் மணிக்கு 300 மில்லி வீதம் எட்டு மணி நேரம் ஓடினால் 2.4 லிட்டர் தண்ணீர் காலியாகும். அதிலிருந்த 2.4 கிராம் உப்பு, மூடிய அறைக்குள் தூளாகப் பறக்கும். காலையில் டிவி திரையிலும் அலமாரியிலும் வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான். குழந்தை சுவாசிப்பதும் அதைத்தான். டிடிஎஸ் 50 உள்ள ஆர்.ஓ. தண்ணீர் என்றால் அது வெறும் 0.12 கிராம். ஆகவே அல்ட்ராசோனிக் வாங்கினால் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும்தான். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமே என்று பலர் கேட்கிறார்கள். அதில் உப்பு குறைவுதான், ஆனால் காயிலில் படிந்த அழுக்கும் கிருமியும் சேர்ந்தே வரும். மாப் போடப் பயன்படுத்துங்கள், இதில் வேண்டாம்.

இன்னொரு வகையில், நனைந்த திரி வழியாக விசிறி காற்றை இழுக்கும். உப்பு திரியிலேயே தங்கிவிடும், அறையில் ஈரம் ஏறினால் ஆவியாவது தானாகவே குறையும். கொஞ்சம் சத்தம் வரும், திரியை அவ்வப்போது மாற்ற வேண்டும். இரண்டில் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எதை வாங்கினாலும், ஏசி ஓடும்போது நீங்கள் சேர்க்கும் ஈரத்தில் ஒரு பங்கை அது குழாய் வழியே வெளியேற்றிக்கொண்டேதான் இருக்கும். அதற்காகப் பெரிய மெஷின் தேடாதீர்கள்.

அக்காவின் மெஷின் விஷயம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. நேராகச் சொருகினால் புகைந்துவிடும். அடாப்டரோடு வரும் மாடல் என்றால் அதில் 100-240 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே இருக்கட்டும்.

வாங்கிவிட்டால் தினமும் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, தொட்டியைத் துடைத்துக் காயவையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, நன்றாக அலசுங்கள். டெட்டால், வாசனைத் தைலம், கிருமிநாசினி எதையும் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். தென்கொரியாவில் ஹியூமிடிஃபையர் தண்ணீரில் கலப்பதற்கென்றே விற்ற கிருமிநாசினியைச் சுவாசித்துக் குழந்தைகள் உட்படப் பலர் நுரையீரல் பாதித்து இறந்தார்கள். காரணம் அதுதான் என்று 2011இல்தான் தெரியவந்தது. கையில் பட்டால் ஒன்றும் செய்யாத பொருள் நுரையீரலுக்குள் போனால் உயிரையே எடுக்கலாம்.

மீட்டரில் 50 வந்ததும் மெஷினை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் மெத்தையிலும் தலையணையிலும் தூசிப் பூச்சி பெருகும். 60ஐத் தாண்டினால் பீரோவின் பின்பக்கச் சுவரில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். பையனுக்கு வீசிங், தும்மல் என்று ஏற்கெனவே ஏதாவது இருந்தால், மெஷின் வாங்கும் முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.